அவசரச் செய்தியும் தொள்ளாயிரம் பக்கமும்

என் முதல் வரலாற்று நாவலின் கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். நாயக்கர் காலம். திருமங்கலத்துப் பக்கம் காவலில் இருந்த ஒரு சிறு படைத்தலைவன், எதிரி ஆள் திரட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துவிடுகிறான். அந்தச் செய்தியை மதுரை அரண்மனையில் அரசியிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இதை எழுத எனக்குத் தொள்ளாயிரம் பக்கம் ஆனது. அப்போதும் அவன் பசுமலையைத்தான் தாண்டியிருந்தான்.

இதற்கு நான் மட்டும் காரணமில்லை. நாகமலை புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சேர்க்கை, மாற்றுச் சான்றிதழ், மாணவர்களின் சண்டை சச்சரவு எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். வரலாற்றுத் துறையில் ஒரு பேராசிரியர் உண்டு. கல்லூரியில் எல்லாருக்கும் அவரைக் கண்டால் கொஞ்சம் நடுக்கம். நான் நாவல் எழுதத் தொடங்கியிருப்பது எப்படியோ அவர் காதுக்குப் போய், ஒருநாள் கையெழுத்துப் போட வந்தவர் மேசை முன் நின்றே கேட்டார்.

"எத்தனை பக்கம் வருது?"

"இருநூறு வரும்னு நினைக்கிறேன் சார்."

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். "ஆயிரம் பக்கத்துக்குக் கீழ வரலாற்று நாவல்னு ஒண்ணு கிடையாதும்மா. இருநூறு பக்கம்னா அதுக்குப் பேரு துணுக்கு."

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது என் படைத்தலைவனைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தேன். அவன் குதிரையில் இருந்தான். குதிரையை விட்டால் ஒரு மணி நேரத்தில் அரண்மனை வாசலில் போய் நிற்பான். அதை எப்படி ஆயிரம் பக்கத்துக்கு இழுப்பது? வீட்டுக்கு வந்து காபிகூடக் குடிக்காமல் கம்ப்யூட்டரைத் திறந்து, மூன்றாம் அத்தியாயத்தில் குதிரையின் காலில் ஒரு முள்ளை ஏற்றினேன். பாவம், குதிரை நொண்டியது. படைத்தலைவனை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டேன். அப்புறம்தான் எனக்கு நிம்மதியாக எழுத வந்தது.

ஊருக்கு ஊர் வண்டி நின்றது. கப்பலூரில் ஒரு கண்மாய், அதன் வரலாறு. கூத்தியார்குண்டில் ஒரு பூக்காரி, அவள் குடும்பத்துப் பழைய பகை. தோப்பூரில் ஒரு விருந்து. அந்த விருந்து மட்டும் எழுபது பக்கம். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பக்குவம் எழுதினேன். சமையற்காரருக்கு ஒரு இளமைக் காலம் கொடுத்தேன். அந்த இளமைக் காலத்தில் அவருக்கு ஒரு காதலும் இருந்தது.

வீட்டில் முதல் வாசகர் என் கணவர். டவுன் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வண்டி ஓட்டியதும் இதே தடத்தில்தான். திருமங்கலத்துக்கும் மதுரைக்கும் நடுவில் எந்த வளைவில் எந்த வேப்பமரம் நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நான் வேலைக்குப் போனதும் அச்செடுத்து வைத்திருக்கும் பக்கங்களைப் படிப்பார். நான் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் நிலவரம் சொல்லிவிடுவார்.

"ஆளு இன்னும் கூத்தியார்குண்டுலதான் நிக்கிறான்."

"அங்க ஒரு பூக்காரி வாரால்ல?"

"வந்துட்டா. வந்து அழுதுக்கிட்டு இருக்கா. இவன் எதுக்கு அங்க எறங்குனான்?"

"அது கதைங்க."

"என்ன செய்தி கொண்டு போறான் இவன்?"

"எதிரி வாரான்னு."

"அது அவசரச் செய்தியா, சாதாரணச் செய்தியா?"

"அவசரம்தான்."

"அப்ப எதுக்குத் தோப்பூர்ல உக்காந்து அம்புட்டுப் பணியாரம் திங்கிறான்?"

"அந்தக் காலத்து உணவுப் பழக்கத்தைச் சொல்ல வேண்டாமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாழ்நாளெல்லாம் நேரத்துக்கு வண்டியை எடுத்த மனிதருக்கு இந்த நாவல் எவ்வளவு பெரிய வேதனை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தொள்ளாயிரம் பக்கம் ஆனதும், மீதி நூறைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முழுவதையும் அச்செடுத்து இரண்டு கட்டைப் பைகளில் போட்டு, கணவரின் வண்டியில் தெற்குவாசலுக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு பாய் அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கடைகளுக்கு பில் புத்தகம் அடிப்பது அவர் தொழில். மனசுக்குப் பிடித்தால் வருஷத்துக்கு ஒன்றிரண்டு கதைப் புத்தகமும் போடுவார். படிக்கிற மனிதர். மெஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து படிப்பார்.

பைகளைப் பார்த்தவர், "வாங்கம்மா, வாங்க. காகிதம் பழசுக்குப் போட வந்தீங்களா?" என்றார்.

"நாவல் பாய்."

"ரெண்டு நாவலா?"

"ஒண்ணுதான்."

பாய் ஒரு பையைத் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "வச்சிட்டுப் போங்கம்மா. இன்ஷா அல்லா, படிச்சிருவேன்" என்றார்.

படித்தும்விட்டார். கொஞ்ச நாள் கழித்துக் கூப்பிட்டனுப்பினார். நானும் கணவரும் போனோம். பாய் எங்களுக்கு டீ சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எழுத்து நல்லா இருக்கும்மா. குறை சொல்லல. ஆனா நம்ம ஆளு மதுரைக்கு வந்து சேருறதுக்குள்ள அந்த எதிரிக்கு வயசாகிப்போயிரும்."

பக்கத்தில் என் கணவர் டீயை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தனை நாளில் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"அப்ப எம்புட்டுப் பக்கம் இருக்கணும் பாய்? முதல் வரலாற்று நாவல்னா?" என்றேன்.

பாய் யோசித்தார். "நான் படுத்துக்கிட்டுதான் படிப்பேன். படிச்சிக்கிட்டே தூங்கிட்டா புத்தகம் நெஞ்சுல விழும். விழுந்தா மூச்சு முட்டக் கூடாது. அந்த அளவு இருக்கணும்." அப்புறம் கேட்டார்: "நெசமாவே மாட்டுவண்டியில திருமங்கலத்துல இருந்து வந்தா எவ்வளவு நேரம் ஆகும்மா?"

எனக்குத் தெரியவில்லை. தொள்ளாயிரம் பக்கம் அந்தப் பாதையில் வண்டி ஓட்டியவளுக்கு அது தெரியவில்லை. கணவரைப் பார்த்தேன். "பஸ்ஸுன்னா சொல்லுவேன்" என்றார்.

அந்த வாரமே அலங்காநல்லூரில் இருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டேன். விவசாயம் பார்க்கிறான். மாடுகள் என்றால் உயிர். விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, இங்கிட்டு யாரு இப்ப வண்டி மாடு வச்சிருக்கா? எல்லாம் டிராக்டருதான். நம்மகிட்ட ரேஸ் மாடு ஒரு சோடி இருக்கு. வண்டியும் ரேஸ் வண்டி."

"வேகமா ஓடுமோ?"

"நான் பைய ஓட்டுறேன்க்கா. நீ கவலப்படாத."

ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்டியானை என்று எல்லாரும் சொல்கிற அந்தச் சின்ன லாரியில் மாடுகளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு திருமங்கலத்துக்கு வந்துவிட்டான். இரண்டு மாடும் வெள்ளை வெளேரென்று பளபளப்பாக, என்னை ஏற இறங்கப் பார்த்தன. வண்டி என்று அவன் சொன்னது இரண்டு சக்கரமும், உட்கார ஒரு பலகையும், வேறொன்றுமில்லை. நான் எழுதியிருந்த வண்டியில் வைக்கோல் மெத்தை, கூண்டு, தொங்கும் விளக்கு எல்லாம் இருந்தன.

என் கணவரும் பைக்கில் வந்திருந்தார். அவருக்கு அன்று ஒரு யோசனை.

"நான்தான் எதிரி" என்றார்.

"என்னது?"

"நீ செய்தி கொண்டு போற ஆளு. நான் எதிரி. நீ கெளம்பி ஒரு டீ குடிக்கிற நேரம் கழிச்சு நான் கெளம்புவேன். எங்க வச்சு உன்னைப் புடிக்கிறேன்னு பாப்போம்."

"மாமா, நீங்க பைக்குல வாரீங்க. அது எப்படிச் சரியா வரும்?" என்றான் தம்பி.

"எதிரிகிட்ட நல்ல குதிரை இருக்கு மாப்ள. அவன் குதிரைக்கு எந்த முள்ளும் குத்தல."

பலகையில் தம்பிக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். மறு கையில் போன். வழியில் பார்ப்பதையெல்லாம் பேசிப் பதிவு செய்துகொள்வதாக ஏற்பாடு.

கப்பலூர் வரைக்கும் தம்பி சொன்னபடி நடந்தது. மாடுகள் அலுவலகத்துக்குப் போகிற மாதிரி நிதானமாக நடந்தன. நான் போனில் மெல்லிய குரலில், "இடது பக்கம் கருவேலங்காடு. காற்று சற்றே வெப்பமாக வீசுகிறது" என்று சொல்லிக்கொண்டு வந்தேன். கார்களில் போனவர்கள் கண்ணாடியை இறக்கிப் படம் எடுத்தார்கள். பைக்கில் வந்த ஒருவர் பக்கத்திலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு, "அண்ணே, மாடு குடுக்குறதா இருக்கா?" என்று தம்பியிடம் கேட்டார். "மாடு குடுக்குறதுக்கு இல்லண்ணே, நாவலுக்கு" என்றான் தம்பி. அவர் வேகமாகப் போய்விட்டார்.

கூத்தியார்குண்டைத் தாண்டினோம். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை. அங்கே நின்ற ஒருவர், தூரத்தில் போன தன் சிநேகிதனைக் கூப்பிட இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார்.

பந்தயத்தில் எதை வைத்து வண்டிகளை விடுவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மாடுகள் நிமிர்ந்தன. அடுத்து என்ன நடந்தது என்பதை என் போன் பதிவுதான் சரியாகச் சொல்லும். "வலப்புறம் தோப்பூர் செல்லும் சாலை. அங்கே ஒரு..." என்பதோடு வரலாறு முடிகிறது. அதற்குப் பிறகு "டேய் டேய் டேய் டேய்" என்று ஒரு பெண் குரல். அது நான். நடுவில் "அக்கா, புடிச்சுக்க! கெட்டியாப் புடிச்சுக்க!" என்று தம்பி. அவன் குரலில் பயம் இல்லை. சந்தோஷம். மீதியெல்லாம் காற்று.

என் தோப்பூர் விருந்து, அந்தச் சமையற்காரர், அவர் காதல் எல்லாம் எங்கேயோ ஓரமாக ஓடி மறைந்தன. பதார்த்தங்களில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது தம்பியின் சட்டை முதுகு, இரண்டு வால்கள், வாயைத் திறந்தபடி டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்.

திருநகருக்கு வந்ததும் மாடுகள் தாமாகவே வேகத்தைக் குறைத்தன. களைப்பினால் என்றுதான் நினைத்தேன். இல்லை. ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் இரண்டு பக்கமும் குலையோடு வாழைமரம் கட்டியிருந்தார்கள். மாடுகள் நேராக அங்கே போய் நின்றன. ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துக்கொண்டன.

உள்ளேயிருந்து பட்டுவேட்டி கட்டிய ஒருவர் ஓடி வந்தார். பெண்ணைப் பெற்றவர்.

"யாருய்யா மாடு இது? வாழைய முழுசாத் திங்குது!"

தம்பி கயிற்றை இழுத்துப் பார்த்தான். வாழை இலையை வாயில் வைத்திருக்கும் மாட்டை யாரும் இழுக்க முடியாது. "மன்னிச்சுக்கங்கண்ணே. ஒரு விசிலுல வந்துருச்சு" என்றான்.

"அந்தம்மா யாரு?"

"எங்க அக்கா. செய்தி கொண்டு போறாக."

"யாருக்குச் செய்தி?"

"அரண்மனைக்கு."

அவர் என்னைப் பார்த்தார். என் தலைமுடி நட்டுக்குத்தாக நின்றது. சேலையில் புழுதி. கையில் இன்னும் பதிவாகிக்கொண்டிருந்த போன். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மூச்சுதான் வந்தது.

நல்ல வேளையாக அப்போது போட்டோகிராபர் வெளியே வந்தார். மாட்டையும் வண்டியையும் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணே, விட்டுராதீங்க! பொண்ணு மாப்பிள்ளைய வண்டியில உக்கார வச்சு நாலு படம் எடுப்போம்" என்றார். பெண்ணைப் பெற்றவரின் கோபம் பாதியாக இறங்கியது. கூட்டத்திலிருந்து ஒரு அம்மா, "மாடு தேடி வந்து வாசல்ல நிக்குது, நல்ல சகுனம்டா" என்றதும் மீதிப் பாதியும் இறங்கிவிட்டது. கல்யாணப் பெண் நகை குலுங்க ஓடி வந்து பலகையில் ஏறிக்கொண்டாள். மாப்பிள்ளை கொஞ்சம் தயங்கினார். மாட்டைப் பார்த்து "முட்டுமா?" என்று கேட்டார். "முட்டாது மாப்ள. ஓடும்" என்றான் தம்பி.

எங்களை விடவில்லை. வலுக்கட்டாயமாகப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். பக்கத்து இலையில் இருந்த அம்மா, "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று விசாரித்தார். "நான் நாவல் எழுதுறேன்" என்றேன். "அப்படியா, கேசரி இன்னொரு கரண்டி வாங்கிக்கங்க" என்றார்.

பொங்கலுக்கு இரண்டாவது தடவை சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தபோது எதிரி வந்து சேர்ந்தார். கப்பலூரில் பழைய கண்டக்டர் ஒருவரைப் பார்த்துவிட்டாராம். பேசிக்கொண்டே நின்றதில் போருக்குப் புறப்பட்டதே மறந்துபோய்விட்டது. அப்புறம் வழியெல்லாம் எங்களைத் தேடிக்கொண்டு வந்தவர், மண்டப வாசலில் மாட்டைப் பார்த்து உள்ளே நுழைந்திருக்கிறார்.

என் முன்னால் வந்து நின்று, "புடிச்சுட்டேன்" என்றார்.

"சாப்பிட்டுட்டுப் புடிங்க" என்றேன்.

அவரும் உட்கார்ந்தார். இலை போட்டார்கள். அன்று செய்தி மதுரைக்குப் போகவில்லை. மதுரையைத் தாக்க வந்தவரும் இரண்டு வடை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, எங்கள் வீடு அந்த மண்டபத்துக்குப் பக்கத்துத் தெருதான் என்பதால் நேராக வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் உட்கார்ந்து, கூத்தியார்குண்டிலிருந்து திருநகர் வரை நான் பார்த்ததை எழுதிப் பார்த்தேன். முக்கால் பக்கம் வந்தது. அதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை. ஆனால் அந்த முக்கால் பக்கத்தைப் படித்த என் கணவர் இடையில் ஒரு தடவைகூட எங்கே நிற்கிறான் என்று கேட்கவில்லை. அவசரமாகப் போகிறவன் கண்மாயின் வரலாற்றைப் பார்க்க மாட்டான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே வெட்ட ஆரம்பித்தேன். வெட்டுவது எழுதுவதைவிட சந்தோஷமாக இருந்தது. கண்மாய் போனது. பூக்காரி போனாள், அவள் குடும்பப் பகை போனது. சமையற்காரரை அனுப்பும்போது மட்டும் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. கடைசியில் பார்த்தால் நாவல் எண்பது பக்கம்.

பாயிடம் கொண்டுபோனேன். ஒரு கையால் வாங்கியவர், பின்னால் இன்னும் ஏதாவது வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது? கல்யாணப் பத்திரிகையே இதைவிடக் கனமா அடிக்கிறோம் இங்க."

"நீங்கதானே பாய் மூச்சு முட்டக் கூடாதுன்னீங்க?"

"முட்டக் கூடாதுன்னுதாம்மா சொன்னேன். நெஞ்சுல புத்தகம் இருக்குறதே தெரியாமப் போயிருச்சுன்னா? அந்தத் தோப்பூர் விருந்து எங்க?"

"எடுத்துட்டேன்."

"ஐயையோ! எங்க வீட்டம்மா அதை மட்டும் மூணு நாளு வச்சுப் படிச்சாங்க. அதுல ஒரு பணியாரம் செஞ்சும் பாத்தாச்சு. அதைப் போடுங்கம்மா. அந்தச் சமையற்காரரையும் பாவம், உள்ள விடுங்க."

அப்புறம் கொஞ்ச காலம் இப்படியே போனது. பாய் ஒரு ஆளை உள்ளே விடச் சொல்வார். நான் ஒரு ஆளை வெளியே அனுப்புவேன். விருந்தைச் சுருக்கமாகத் திரும்ப வைத்தேன். சமையற்காரருக்குக் காதல் வேண்டாம் என்று நானும், இருக்கட்டும் என்று பாயும் அச்சக வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, பத்திரிகை அடிக்க வந்த ஒருவர் எங்கள் குடும்ப விவகாரம் என்று நினைத்துப் பஞ்சாயத்துக்கு வந்தார். முடிவில் நாவல் இருநூற்றுச் சொச்சம் பக்கத்தில் நின்றது. ஏன் அங்கே நின்றது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அதற்கு மேல் கூட்டினால் என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குறைத்தால் பாய் முகம் வாடியது.

புத்தகம் வந்த அன்று முதல் பிரதியை பாய் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். கணவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பழங்காநத்தம் வந்ததும் அவர் தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"ஏதாவது படியேன். கடைசி எடத்தைப் படி. செய்தி போய்ச் சேருதுல்ல, அந்த எடம்."

தாளைப் பிரித்தேன். காற்றில் பக்கங்கள் படபடத்தன. ஒரு கையால் அழுத்திக்கொண்டு கடைசி அத்தியாயத்தை எடுத்தேன். படைத்தலைவன் புழுதியோடு அரண்மனைக்குள் ஓடி வந்து மண்டியிட்டு, எதிரி வரும் செய்தியைச் சொல்லிவிட்டான். அவையில் ஒரு சத்தமும் இல்லை. எத்தனை தடவை எழுதி எழுதித் திருத்திய இடம் அது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு அடுத்த வரியைச் சத்தமாகப் படித்தேன்.

"அதைக் கேட்டதும் அரிசி கொதித்துப் போனாள்."

வண்டி கொஞ்ச தூரம் அப்படியே போனது.

"யாரு கொதிச்சுப் போனா?" என்றார்.

நான் மறுபடியும் பார்த்தேன். அரசி இல்லை. அரிசிதான். நானே தட்டச்சு செய்து, நானே பிழை திருத்திய பக்கம். அடுத்த வரியிலும் அரிசி அரியணையிலிருந்து எழுந்து நின்றாள்.

அவர் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. வண்டியை ஓரங்கட்டி, ஸ்டாண்டு போட்டு, ஒரு கடை வாசல் படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கு முதலில் அழுகைதான் வந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எல்லாப் புத்தகத்துலயும் இப்படித்தான் இருக்கும்ங்க. அம்புட்டும் அடிச்சாச்சு" என்றேன். அதைக் கேட்டு அவர் இன்னும் சிரித்தார். அப்புறம் நானும் சிரித்துவிட்டேன். கடைக்காரர் வெளியே வந்து, "என்னண்ணே, என்ன ஆச்சு?" என்று கேட்டார். என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை அவரிடம் நீட்டி, அந்தப் பக்கத்தை விரலால் காட்டினார்.